சாதியால் பிரிந்த பங்கு ஒப்புரவாக: கல்லறையிலிருந்து பந்தி வரை செய்ய வேண்டியவை

பாவசங்கீர்த்தனத்துக்குப் பிள்ளைகளைத் தயாரிக்கும்போது ஐந்து காரியங்களைச் சொல்லிக்கொடுப்போம். ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (பாவத்துக்காக வருந்துவது), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்ற உறுதி), பாவசங்கீர்த்தனம் (பாவத்தைக் குருவிடம் அறிக்கையிடுவது), அபராதம் தீர்த்தல் (பரிகாரம் செய்வது). மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட வரிசை மாறாமல் ஒப்பிக்கும். இந்த அருட்சாதனத்துக்கு இன்றைய பெயர் ஒப்புரவு. ஒரே ஒரு ஆள் கடவுளோடு ஒப்புரவாகவே இந்த ஐந்தும் வேண்டும். அப்படியிருக்க, ஓர் ஊரே தலைமுறை தலைமுறையாகத் தள்ளிவைத்த தன் சகோதரர்களோடு ஒப்புரவாக வேண்டுமானால், இதில் எதை விட்டுவிட முடியும்?

நாம் பெரும்பாலும் நான்கை விட்டுவிடுகிறோம். ஐந்தாவதையும் விட்டுவிட்டு, ஆறாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறோம்: சமபந்தி விருந்து. சாப்பிட்டுவிட்டு, படம் எடுத்து மறைமாவட்ட இதழுக்கு அனுப்பிவிட்டு, அவரவர் தெருவுக்குப் போய்விடுகிறோம். அடுத்த வாரம் காலனியில் ஒருவர் இறந்தால் அவருடைய பெட்டி பழைய வழியிலேயே போகும்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டுப் பங்குகளுக்கும் (ஒரு கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த மக்கள்தான் பங்கு) சபைகளுக்கும் எழுதப்பட்டது. அமெரிக்கச் சபைகளில் இன ஒப்புரவு என்றால் கறுப்பரும் வெள்ளையரும் நினைவுக்கு வருவார்கள். நம் கோவிலுக்குள் நிற்கும் சுவர் சாதி. நான் கத்தோலிக்கப் பங்கில் வளர்ந்தவன், தேர்த்தெருக்காரன், அதாவது ஆதிக்கச் சாதித் தெருவைச் சேர்ந்தவன், ஒன்பது வருடம் பங்குப் பேரவையில் இருந்தவன். அதனால் கத்தோலிக்க வழக்கில் எழுதுகிறேன். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையினர் பங்கு என்பதைச் சேகரம் என்றும், பேரவை என்பதைக் கமிட்டி என்றும் வைத்துக்கொள்ளலாம். பிரச்சினை பெரும்பாலும் ஒன்றுதான்.

தொடங்கும் முன்: யார் உட்கார வேண்டும்

எருசலேமின் ஆதிச் சபையில் ஒரு முறுமுறுப்பு எழுந்தது. அன்றாடப் பந்தி விசாரணையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்பது புகார். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அன்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைச் சபையாரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி அந்த வேலையையே ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு என்று ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். முறுமுறுத்த பக்கத்தின் கையில் பந்தி போயிற்று.

உங்கள் குழுவும் அப்படி அமையட்டும். எட்டுப் பேர் போதும். பாதிப் பேராவது தலித் குடும்பங்களிலிருந்து வர வேண்டும், அவர்களை அந்தத் தெருவே தேர்ந்தெடுக்க வேண்டும். பங்குத்தந்தைக்கு வசதியான, எதற்கும் தலையாட்டும் ஒருவரைப் 'பிரதிநிதி' என்று உட்கார வைப்பதால் தெருவுக்கு ஒரு பயனும் இல்லை. குறைந்தது மூன்று பெண்கள் வேண்டும். அடக்கத்தன்று வீட்டுக்குள் நடப்பதும், பந்தியில் யார் யாருக்குப் பரிமாறினார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். முதல் கூட்டம் காலனிக் குருசடியில், அதாவது அங்குள்ள சிறு சிலுவைக் கோவிலில், நடக்கட்டும். பங்கு இல்லத்து வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தால் சிலருக்கு வாயே திறக்காது.

முதல் படி: ஆத்தும சோதனை, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு

"இப்பல்லாம் யாருங்க சாதி பார்க்கிறா?" என்பது முதல் கூட்டத்திலேயே வரும். இதற்கு வாதம் செய்ய வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி எழுத ஆரம்பியுங்கள்.

முதலில் அடக்கப் பதிவேடு. கடந்த பத்து வருடத்தில் இறந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்து நான்கு விவரம் குறியுங்கள். எந்தத் தெரு, பெட்டி எந்த வழியாகப் போனது, எந்தத் தூம்பா, எந்த இடத்தில் குழி. தூம்பா என்பது பெட்டியை வைத்துக் கொண்டுபோகும் வண்டி அல்லது பாடை. பழைய பங்குகளில் இரண்டு தூம்பா இருப்பதுண்டு. ஒன்று கோவிலுக்குப் பின்னால் கொட்டகையில் பூட்டில் இருக்கும். இன்னொன்று காலனி ஆட்களே காசு போட்டுச் செய்தது, வேப்பமரத்தடியில் மழையில் நனைந்தபடி நிற்கும்.

என் தாத்தா இறந்தது ஒரு ஆடி மாதம். கொட்டகைத் தூம்பாவில் வெள்ளைத் துணி விரித்து, தேர்த்தெரு முழுக்கச் சுற்றிவந்து, கோவில் மணி அடிக்க அடக்கம் செய்தோம். அதே வாரம் காலனியில் ஒரு பெரியவர் இறந்தார். முந்தின நாள் மழை. அவர் பெட்டியை நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வயல் வரப்பு மேல் வந்தார்கள். ஒருவருக்குக் கால் வழுக்கிப் பெட்டி சாய்ந்தது. பின்னால் வந்த அவர் மகள், அப்பாவுக்கு அடிபட்டுவிட்டது போல, ஓடிவந்து பெட்டியின் பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டாள். நான் வாய்க்கால் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாலு வயது. தார் ரோடு இருக்கும்போது ஏன் வரப்பில் வருகிறார்கள் என்று வீட்டில் கேட்டேன். "அவங்க வழி அதுதான்" என்றார்கள். இந்த வழிகாட்டியை நான் எழுதுவதற்குக் காரணம் அந்தப் பதில்தான்.

அடுத்தது திருவிழா. கொடியேற்றம் முதல் தேர் வரை ஒவ்வொரு நாளும் யாருடைய உபயம்? சப்பரம் எந்தத் தெரு முனையோடு திரும்புகிறது? திருவிழா வரி யாரிடம் வாங்கப்படுகிறது? இந்த வரி விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். 'அவர்கள் ஏழைகள், வரி வேண்டாம்' என்பது இரக்கம் போலத் தெரியும். ஆனால் வரி கொடுக்காதவருக்குக் கணக்குக் கேட்க உரிமை இல்லை, தேர்வடம் தொட உரிமை இல்லை என்று அடுத்த வாக்கியம் வரும். பல ஊர்களில் மோதல் தொடங்கியதே "எங்களிடமும் வரி வாங்குங்கள்" என்ற கோரிக்கையில்தான்.

அப்புறம் பீடம். வாசகம் வாசிப்பவர், பாடகர் குழு, பீடச் சிறுவர்கள், பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேர், நற்கருணை வாங்கும் வரிசை. அன்பியங்களின், அதாவது பங்கைப் பிரித்த சிறு குடும்பக் குழுக்களின், எல்லையை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். அது சாதித் தெருக்களின் எல்லையோடு அப்படியே பொருந்தினால் அதையும் எழுதுங்கள். குழி தோண்டுவது, சாவுச் சேதி சொல்வது, மேளம் அடிப்பது ஆகியவற்றைப் பரம்பரைக் கடமையாக ஒரே தெரு செய்கிறதா என்பதையும் எழுதுங்கள்.

கடைசியாகச் சம்பளம். பங்கும் மறைமாவட்டமும் நடத்தும் பள்ளி, மருத்துவமனை, விடுதியில் நிரந்தர வேலையில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் தலித் கிறிஸ்தவர்கள்? எத்தனை பேர் ஆசிரியர், எத்தனை பேர் துப்புரவுப் பணி? இந்தப் பக்கத்தை நிரப்பத்தான் அதிக நாள் பிடிக்கும்.

நகரத்துச் சபைகளில் கல்லறையும் தேரும் பிரச்சினையாக இல்லாமல் இருக்கலாம். அங்கே திருமணப் பதிவேட்டை எடுங்கள். ஓலை வாசித்த (கோவிலில் திருமண அறிவிப்புச் செய்த) கல்யாணங்களில் எத்தனை சாதி தாண்டியவை என்று எண்ணுங்கள். சபை இதழின் மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களையும் ஒருமுறை படியுங்கள்.

இதோடு பழைய சரித்திரமும் கொஞ்சம் வேண்டும். நம் ஊர் மட்டும் இப்படி என்ற வெட்கமோ, எப்போதும் இப்படித்தான் என்ற சலிப்போ வராமல் இருக்க அது உதவும். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோவிலை 1872ல் இரண்டு கால் விரித்தது போலக் கட்டினார்கள். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம், இருவருக்கும் நடுவில் ஒரே பீடம். 1910ல் அந்தத் தடுப்பை நீக்கியபோது வெள்ளாளர் வழக்குப் போட்டு, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைப் பிரித்த சுவர் நாடறிந்தது. எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த கலவரத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களை ரோமில் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சாதி பாராட்டுவது திருச்சபையின் பணிக்கே ஊறு என்று அவர்களிடம் நேரில் சொன்னார். இந்திய ஆயர் பேரவையும் 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. உங்கள் நோட்டில் எழுதுவது எதுவும் மேலே தெரியாத ரகசியம் இல்லை.

இரண்டாம் படி: மனஸ்தாபம் கேட்பதிலிருந்து வரும்

நோட்டு நிரம்பியபின் தேர்த்தெருக்காரர்கள் சிலர் காலனிக்குப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரே நாளில் முடியாது. தவக்காலத்தின் ஆறு வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டால், சிலுவைப்பாதை முடிந்த கையோடு போகலாம்.

கேட்கும்போது பதில் சொல்லக் கூடாது. "அது எங்க அப்பா காலத்துல", "நான் அப்படி நினைச்சதே இல்ல", "உங்க ஆட்களும் அன்னைக்கு..." என்று வாயில் வரும். வந்ததை அடக்கிக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். அழுதுவிடுவதும் ஒருவகைப் பதில்தான். நீங்கள் அழுதால் அவர்கள் தங்கள் வேதனையை நிறுத்திவிட்டு உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

கொடுத்த டீயைக் குடியுங்கள். சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுங்கள். பேதுரு அந்தியோக்கியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகினார். பவுல் அதை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். அவர்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடாமல் பிஸ்லரி பாட்டிலோடு போய் உட்கார்ந்தால், நீங்கள் பேசுவதற்கு முன்பே எல்லாம் சொல்லியாகிவிட்டது.

இன்னொன்று. "இரு தரப்பும் மன்னித்து" என்ற வார்த்தையைத் தவிருங்கள். இரண்டு அண்ணன் தம்பி வரப்புச் சண்டை போட்டால் இரு தரப்பு. ஒரு தெரு இன்னொரு தெருவின் பிணத்தை நூறு வருடம் ரோட்டில் விடவில்லை என்றால் அங்கே குற்றம் ஒரு பக்கம்தான். மன்னிப்பதா, எப்போது மன்னிப்பது என்பதைக் காலனி முடிவு செய்யட்டும். அவசரப்படுத்தும் உரிமை பங்குத்தந்தைக்குக்கூட இல்லை.

மூன்றாம் படி: பிரதிக்கினையை எழுதிவையுங்கள்

பேரவைத் தீர்மானமாக, தேதியோடு எழுத வேண்டும். 'பாகுபாட்டைக் களைய முயல்வோம்' என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது, எதுவும் நடக்காது. 'வருகிற கல்லறைத் திருநாளான நவம்பர் 2க்குள் சுவர் இடிக்கப்படும். இந்த வருடத் திருவிழாவில் சப்பரம் காலனியின் மூன்று தெருவிலும் நிற்கும்' என்று எழுதுங்கள். ஆயரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பங்குத்தந்தை நாளைக்கே மாற்றலாகிப் போனாலும், புதிதாக வருபவர் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்ல முடியாதபடி அது கோப்பில் இருக்க வேண்டும்.

இங்கேதான் எதிர்ப்பு வரும். வரி கொடுக்க மாட்டோம் என்பார்கள், கோவிலுக்கு வர மாட்டோம் என்பார்கள், வேறு சபைக்குப் போய்விடுவோம் என்பார்கள். 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதியை உடனே கைவிட வேண்டும் என்று கட்டளையிட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய கூட்டம் வெளியேறியது. ஒரு பகுதி லுத்தரன் சபைக்குப் போனது. எனவே பக்கத்துச் சபைகளின் போதகர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். சாதிக்காகக் கோபித்துக்கொண்டு வருபவர்களுக்கு மாலை போட்டு வரவேற்க வேண்டாம் என்று நேராகக் கேளுங்கள்.

சட்ட நிலைமையும் தெரிந்திருக்க வேண்டும். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று ஆக்கப்பட்டது. 1956ல் சீக்கியரும் 1990ல் பௌத்தரும் சேர்ந்தார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால் தேர்த்தெருவிலிருந்து ஓர் அடி விழுந்தால், கிறிஸ்தவச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கைகொடுப்பதில்லை. பங்குதான் அரணாக நிற்க வேண்டும். பதற்றம் தெரிந்தால் வட்டாட்சியருக்கும் காவல் நிலையத்துக்கும் பங்கே எழுதிக் கொடுக்கட்டும். ஆனால் அங்கே நடக்கும் சமாதானக் கூட்டத்தில் 'பழைய வழக்கப்படியே நடக்கட்டும்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் பங்குத்தந்தை கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் பழைய வழக்கத்துக்கு முதல்முறையாக எழுத்து ஆதாரம் கிடைத்துவிடும்.

ஆகஸ்ட் 10ஐ வருடாவருடம் கறுப்பு நாளாக அனுசரித்து அரசிடம் நீதி கேட்கிறோம். அந்தக் கோரிக்கை நியாயமானது. அதே கறுப்புக்கொடியோடு திரும்பி வரும்போது நம் கல்லறைத் தோட்டத்து வாசலையும் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: அறிக்கை, பெயர் சொல்லி

ஞாயிறு பெரிய பூசையில், காணிக்கைக்கு முன்னால் செய்யுங்கள். பீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்ன இடம் அதுதான். பங்குத்தந்தை மட்டும் வாசித்தால் போதாது. தேர்த்தெருவின் நாட்டாண்மைக் குடும்பங்களிலிருந்து ஒருவர் வாசிக்க வேண்டும். வார்த்தைகள் இப்படி இருக்கலாம்:

"உங்கள் தகப்பன்மாரைச் சுவருக்கு அப்பால் புதைக்க வைத்தோம். உங்கள் பெட்டிகளை வரப்பில் அனுப்பினோம். சப்பரத்தை உங்கள் தெரு முனையில் திருப்பினோம். உங்களிடம் வரி வாங்க மறுத்து, கோவில் கணக்கைக் கேட்கும் உரிமையைப் பறித்தோம். இது பாவம். இதைச் செய்தது நாங்கள்."

இதில் 'யார் மனமாவது புண்பட்டிருந்தால்' என்ற சொல் வரவே கூடாது. வாசிக்கும் முன் அந்தத் தாளைக் காலனிக் குழுவிடம் காட்டுங்கள். விட்டுப்போனதை அவர்கள் சேர்ப்பார்கள்.

ஐந்தாம் படி: அபராதம் தீர்த்தல்

சகேயு இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்றதோடு நிற்கவில்லை. ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். அப்புறம்தான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னார்.

அமெரிக்காவில் இயேசு சபையினர் 1838ல் 272 அடிமைகளை லூசியானாவுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. அதே சபை 2021ல், விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களோடு சேர்ந்து அமைத்த அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தது. விற்பனைப் பத்திரத்தில் அந்த மனிதர்களின் பெயர்கள் இருந்ததால்தான் பேரப்பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. உங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நம் பங்கில் கல்லறையிலிருந்து தொடங்குங்கள். சுவரை இடியுங்கள். இடித்த பின்னும் பிரிவினை 'குடும்பக் கல்லறை' என்ற பெயரில் திரும்ப வரும். பணம் உள்ளவர்கள் நல்ல இடங்களை நிரந்தரமாக வாங்கிக் கிரானைட் போட்டுவிட்டால், சுவர் இல்லாமலே பழைய எல்லை நின்றுவிடும். எனவே புதிதாக நிரந்தர இடம் விற்பதை நிறுத்துங்கள். இனி இறப்பவர்களுக்கு ஒரே வரிசை, இறந்த தேதிப்படி அடுத்தடுத்த குழி. குழி தோண்டக் கூலி நிர்ணயித்து, பங்கே ஆள் வைக்கட்டும்.

தூம்பா ஒன்றுதான். பழைய இரண்டையும் எடுத்துவிட்டுப் பொதுப்பணத்தில் புதிதாக ஒன்று செய்யுங்கள். கொட்டகைச் சாவி இரண்டு இருக்கட்டும், ஒன்று கோவில் பணியாளரான கோவில்பிள்ளையிடம், ஒன்று காலனியில். எல்லாப் பெட்டியும் தார் ரோட்டில், தேர்த்தெரு வழியாகக் கோவிலுக்கு வரும். முதல் மூன்று அடக்கங்களுக்குப் பங்குத்தந்தை காலனி வீட்டு வாசலிலிருந்து பெட்டிக்கு முன்னால் நடந்து வர வேண்டும். ஆயரும் ஒன்றுக்கு வந்தால் நல்லது.

திருவிழா வரி எல்லாக் குடும்பத்துக்கும், வருமானத்துக்கு ஏற்ப. நவநாள் உபயங்களை சாதியிலிருந்து பிரித்து, அன்பியங்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். அன்பியங்களையே தெருக் கலந்து புதிதாகப் பிரித்துவிட்டால் பாதி வேலை அங்கேயே முடியும்.

வேலை விஷயம்தான் கடினம். சிறுபான்மை நிறுவனம் என்ற உரிமையால் நம் பள்ளிகளை அரசு இடஒதுக்கீடு கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே இங்கே தவறு நடந்தால் அரசைக் கைகாட்ட வழியில்லை, பொறுப்பு முழுவதும் நம்முடையது. அடுத்து வரும் காலியிடங்களில் எத்தனை தலித் கிறிஸ்தவர்களுக்கு என்று பங்கும் மறைமாவட்டமும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தகுதியானவர் கிடைக்கவில்லை என்பார்கள். சரி, அப்படியானால் பி.எட். படிக்க வைப்பதும் அபராதத்தில் சேரட்டும். திருவிழா வாணவேடிக்கைச் செலவைப் பேரவைக் கணக்கில் பாருங்கள். அதில் பாதியே போதும், வருடத்துக்கு ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கும்.

பந்தி

இவ்வளவுக்கும் பிறகு பந்தி போடுங்கள். நெல்லை சபைகளின் அசனம் என்ற பொது விருந்து போல, அரிசியும் காய்கறியும் எல்லா வீட்டிலிருந்தும் வரட்டும். கவனிக்க வேண்டியது பரிமாறுவதைவிடச் சமையலை. தேர்த்தெருக்காரர்கள் பரிமாறி, காலனிக்காரர்கள் சாப்பிட்டால் அது அன்னதானமாகிவிடும். காலனிப் பெண்கள் குழம்பு வைக்கட்டும், கரண்டி அவர்கள் கையில் இருக்கட்டும். தேர்த்தெரு இலை போட்டு உட்காரட்டும்.

எங்கள் பக்கத்துப் பங்கு ஒன்றில் அப்படி ஒரு பந்தி நடந்தபோது நான் போயிருந்தேன். முதல் வரிசையில் நாலு இலை காலியாகக் கிடந்தது. எழுந்து போனவர்கள் போனார்கள். ஒரு பாட்டி, எண்பது வயதிருக்கும், தேர்த்தெருக்காரர், அந்தக் காலி இலைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து, "ஏம்மா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஊற்றிய பெண்ணின் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

ஒரு வருடம் கழித்து

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் அதே எட்டுப் பேர் அதே நோட்டை எடுத்து, அதே கேள்விகளுக்கு இந்த வருடத்துப் பதிலை எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். எந்தத் தெரு, எந்த வழி, எந்தக் குழி. பேரவையில் வாசித்துவிட்டு ஒரு நகலை ஆயர் இல்லத்துக்கு அனுப்புங்கள், இன்னொன்று காலனியில் இருக்கட்டும். கலப்புத் திருமணத்துக்கு ஓலை கொடுக்க வரும் பிள்ளைகளைப் பங்குத்தந்தை "வீட்டில் சம்மதம் வாங்கிவா" என்று திருப்பி அனுப்புகிறாரா என்பதையும் அந்த வருடத்திலிருந்து ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.